இஸ்ரவேலர் யார்?

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் முடிவிலே (6:16), தாம் உரைத்த நெறியில் நடப்போரை வாழ்த்தும் பவுல், கடவுளுக்குரிய இஸ்ரவேலையும் உடன்வைத்து வாழ்த்துகின்றார். இரண்டையும் இணைப்பது ஒரு கிரேக்க இடைச்சொல். அதற்கு 'உம்' எனப் பொருள்கொண்டால் திருச்சபை வேறு, இஸ்ரவேல் வேறு. 'அதாவது' எனக் கொண்டால் திருச்சபையே இஸ்ரவேல். கிறிஸ்தவ உலகின் நெடும்பூசல் ஒன்று இச்சிறு சொல்லிலே அடங்கிக் கிடக்கின்றது.

எனினும், இதனை இலக்கணப் பூசலென்று மட்டும் கொள்வது வரலாற்றை மறப்பதாகும். 2ஆம் நூற்றாண்டில் மறைச்சாட்சி யுஸ்தீன், கிறிஸ்தவரே மெய்யான இஸ்ரவேலர் என வாதிட்டார். அன்று அவர்கள் ரோமப் பேரரசில் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினர். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மதம் அரசமதமாயிற்று; தற்காப்பு வாதமும் அடக்குமுறைக்கு அரணாயிற்று. கடவுளாற் கைவிடப்பட்டோரென யூதர் இகழப்பட்டனர். 1096இல் ரைன் நதிக்கரை நகரங்களிலே சிலுவைப்போராளராற் கொன்று குவிக்கப்பட்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவ்விகழ்ச்சியை மறுத்தது 1965இலேதான்.

மறுபுறம், அயர்லாந்திற் பணியாற்றிய டார்பி 1830களில் திருச்சபையையும் இஸ்ரவேலையும் வேறாக்கினார். நிலம்பற்றிய வாக்குறுதி யூத இனத்துக்கே உரியதென்றார். 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டின் குறிப்புரை வேதாகமம் அக்கருத்தை அமெரிக்காவிற் பரப்பியது. 1948இல் இஸ்ரேல் அரசு தோன்றியபோது, தீர்க்கதரிசனம் நிறைவேறியதென அவ்வழியினர் மகிழ்ந்தனர். ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் அக்காலத்தில் வீடிழந்தனர். அவருட் கிறிஸ்தவரும் இருந்தனர். 2009இல் பலஸ்தீனக் கிறிஸ்தவர் வெளியிட்ட கைரோஸ் அறிக்கை, தம் நிலத்தின் மீதான ஆக்கிரமிப்பைப் பாவமென்றே கூறிற்று.

யூதரைப் பழித்த வாசிப்பும், பலஸ்தீனரைக் காணாத வாசிப்பும் ஒரே நூலையே சான்றுகாட்டின. ஆகவே, எந்த விளக்கத்தையும் சொல்லால் மட்டுமன்றி, அதனால் மனிதருக்கு நேர்ந்ததைக் கொண்டும் மதிப்பிடுதல் வேண்டும்.