முடி நீங்கினால் போதுமா?

குடியரசு, ஜனநாயகம் என்னும் இரு சொற்களையும் நம்மவர் ஒன்றெனவே கருதி வழங்கி வருகின்றனர். 1925ஆம் ஆண்டில் ஈ.வெ.ரா. தம் வார ஏட்டுக்குக் 'குடி அரசு' என்று பெயரிட்டது முதல், பிறப்பினால் வரும் உயர்வை மறுக்கும் சொல்லாக அது நம் நெஞ்சிற் பதிந்துவிட்டது. அது நன்றே. ஆயினும் அவ்விரு சொற்களும் இருவேறு கேள்விகளுக்கு விடைகளாம். நாட்டின் தலைமைப் பீடம் ஒரு குடும்பத்தின் பிறப்புரிமையா என்பது முதற் கேள்வி. 'அன்று' என்னும் நாடு குடியரசு. ஆள்வோரை அமர்த்தவும் நீக்கவும் குடிகளுக்கு உரிமை உண்டா என்பது இரண்டாம் கேள்வி. 'உண்டு' என்னும் நாடு ஜனநாயகம். ஒன்று வந்த இடத்தில் மற்றொன்று வாராமலும் போகலாம். இதனை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூர்ச் சைனாடவுன் வரை சென்றாற் போதும்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நாராயண பிள்ளை 1827இல் தோற்றுவித்த மாரியம்மன் கோயிலை நம்மில் அறியாதார் இலர். அதனைச் சூழ்ந்த தெருக்களில் வாழ்ந்த சீனர், ஒரு காலத்தில் முன்தலையை மழித்துப் பின்னே நீண்ட சடை தொங்கவிட்டிருந்தனர். அது அவர்கள் விரும்பி ஏற்ற அழகன்று. சீனத்தை வென்ற மஞ்சு அரசர், அடங்கியதற்கு அடையாளமாக 1645இல் சீன ஆடவர் தலையில் ஏற்றிய கட்டளையாகும். அவ்வரசை வீழ்த்தப் பாடுபட்ட சுன் யாட் சென் சிங்கப்பூருக்குப் பன்முறை வந்து, 1906இல் தம் புரட்சிச் சங்கத்தின் கிளையை இங்கே நிறுவினார். 1912 ஜனவரி முதல் நாள் சீனக் குடியரசு பிறந்தது. பிப்ரவரி 12ஆம் நாள் மஞ்சுச் சிறுவன் முடி துறந்தான். அக்காலத்தே இங்குள்ள சீனர் பலரும் தம் சடைகளைக் கத்தரித்தெறிந்தனர். குடுமியின் பெருமை பேசுவோரைக் கண்ட நமக்கு அச்செயலின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆயின் பின்னர் நடந்தது யாது? குடியரசின் தலைவரான யுவான் ஷிகாய் 1914இல் பார்லிமெண்டைக் கலைத்தார். 1915 இறுதியில் தம்மையே சக்கரவர்த்தியாக்கிக்கொண்டார். எதிர்ப்பு மூளவே 1916 மார்ச்சில் அப்பட்டத்தைக் கைவிட்டார். அரசன் தலையினின்று முடி இறங்கியது; குடிகள் தலையினின்று சடை இறங்கியது; ஆட்சியோ குடிகள் கைக்கு வரவில்லை.

சிங்கப்பூரின் சரித்திரமோ இதற்கு நேர்மாறு. 1948 மார்ச் 20இல் இங்கு முதற்றேர்தல் நடந்தது. 22 பேர் கொண்ட சட்டசபைக்கு வாக்காளர் தேர்ந்தது 6 பேரையே. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு; சீனத்திற் பிறந்து சைனாடவுனில் மூட்டை சுமந்து முதுமையடைந்தவனுக்கு அது இல்லை. 1959 மே 30இல் குடியுரிமை பெற்ற மக்கள் சட்டசபையின் 51 உறுப்பினரையும் தாமே தேர்ந்தனர். உள்நாட்டு ஆட்சி மக்கள் கைக்கு வந்தது; பீடத்திலோ பிரிட்டிஷ் அரசியே இருந்தார். 1963இல் மலேசியாவோடு இணைந்தபோதும் மேலே ஒரு மன்னர் இருந்தார். 1965 ஆகஸ்ட் 9இல் பிரிந்த பின்னரே சிங்கப்பூர் குடியரசாயிற்று. ஜோகூர்ப் பாலத்துக்கு அப்பால் இன்றும் மன்னரும் உண்டு. மக்களுக்கு வாக்கும் உண்டு.

நிற்க. தோட்டத்துக் கணக்கெழுதும் நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு? நம் பாட்டனார் காலத்தில் கங்காணியின் மகனே கங்காணி என்று இருந்த தோட்டங்கள் உண்டு. அவ்வழக்கம் ஒழிந்து, துரை தமக்குப் பிடித்த ஒருவரைக் கங்காணியாக்கினால், பெரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளி கண்ட பயன் என்ன? பிறப்புரிமை போயிற்று; அவன் வாய் திறக்கும் உரிமை வந்ததா?

நம் சங்கங்களையும் கோயிற் கமிட்டிகளையும் இக்கேள்வியால் அளந்து பார்ப்போமாக. தலைவர் பரம்பரையாய் வந்தவரல்லர் என்பதோடு மனநிறைவு கொள்ளற்க. கணக்குக் கேட்கும் உறுப்பினனுக்கு விடை கிடைக்கிறதா? கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்த பெண்ணின் சொல் எண்ணப்படுகிறதா? முடியை நீக்குவது ஒரு நாட் காரியம். குரலை எழுப்புவதோ நாடோறும் செய்ய வேண்டிய காரியம்.