சின்னப் பசங்க இருக்காங்க, பார்த்துப் பேசுங்கப்பா!

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பேரனோடு உட்கார்ந்து இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு பத்து வயது. எந்த வீரர் எந்த கிளப், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நடுவில் ரெஃப்ரி ஏதோ ஒரு தீர்ப்புச் சொல்ல, அரங்கத்தின் ஒரு பக்கம் முழுவதும் சேர்ந்து ராகம் போட்டு எதையோ பாடியது. உடனே வர்ணனையாளர், காதில் விழுந்த வார்த்தைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"தாத்தா, அவங்க என்ன பாடுறாங்க? இவர் எதுக்கு ஸாரி சொல்றார்?" என்று கேட்டான் பேரன்.

நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 1960களில் அங்கே மைதானத்தில் சாயங்கால மேட்ச் என்றால் ஷிப்டு முடிந்து சைக்கிளோடு அப்படியே வந்துவிடுவார்கள். பெரியவர்கள் பின்னால் நிற்க, எங்களைப் போன்ற பொடியன்கள் கோட்டுக்கு ஓரமாக மண்ணில் உட்கார்ந்திருப்போம். ஆட்டம் சூடு பிடித்தால் பின்னாலிருந்து வசவுகள் பறக்கும். அப்போது யாராவது ஒருவர் கட்டாயம் குரல் கொடுப்பார்: "ஏய், சின்னப் பசங்க இருக்காங்க, பார்த்துப் பேசுங்கப்பா!" சொன்னவர் ஒன்றும் உத்தமர் அல்ல. அதே மனிதர் டீக்கடையில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்குக் கூட்டம் கொஞ்சம் அடங்கும். அரை மணி நேரமாவது.

பேரன் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியவில்லையே தவிர, அது என்னை விடவில்லை. கால்பந்துக்கு விதிகள் எழுதிய இங்கிலாந்தில் இந்த விஷயம் எப்படி வந்தது, யாராவது அடக்கப் பார்த்தார்களா என்று சில நாட்களாகத் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், அங்கேயும் அந்தக் காலத்தில் நம் பொன்மலை மாதிரிதான் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கானோர் நின்றபடியே ஆட்டம் பார்ப்பார்கள். அப்பாவோடும் மாமாவோடும் வந்த பையன்களைப் பெரியவர்கள் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்புவார்களாம். ஆட்டம் முடிந்ததும் அப்பா வந்து அழைத்துக்கொள்வார். அந்தக் கூட்டத்தில் கெட்ட வார்த்தை இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. ஆனால் முன்னால் நிற்பது நம் பிள்ளை என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு 'கோப்' என்று பெயர். 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் ஸ்பியான் கோப் என்ற குன்றில் நடந்த போரில் அந்த வட்டாரத்துச் சிப்பாய்கள் ஏராளமாக மாண்டார்கள். அவர்கள் நினைவாக 1906இல் வைத்த பெயர் அது. அதே குன்றில் காயம்பட்டவர்களை டோலியில் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையை நடத்தியவர் காந்திஜி. அந்தப் படையில் நேட்டால் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். கால்பந்து பார்க்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த கோப்பின் ஒரு மூலையில் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு கம்பி அடைப்பு வைத்திருந்தார்கள். 'பாய்ஸ் பென்', அதாவது பையன்கள் பட்டி. கட்டணம் குறைவு. நெரிசலில் பிள்ளைகள் நசுங்கக் கூடாது, பெரியவர்களின் வாயும் அவர்கள் காதில் விழக் கூடாது என்றால் இது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றும். நடந்தது வேறு. அங்கே இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. அந்த மைதானத்திலேயே முரட்டு இடம் அதுதான். பெரிய பையன்கள் சின்னப் பையன்களின் காசைப் பறிப்பார்கள், அடிதடி நடக்கும், கெட்ட வார்த்தைக்குப் பள்ளிக்கூடமே அதுதான். பல பையன்கள் கம்பியில் ஏறித் தப்பித்துப் பெரியவர்கள் பக்கம் குதிக்கப் பார்ப்பார்களாம்! பிள்ளைகளைத் தனியே அடைத்து வைத்தால் கெட்டது அண்டாது என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு, பாருங்கள்.

1960களில் இன்னொரு மாற்றம் வந்தது. பதினைந்து, பதினாறு வயதில் வேலைக்குப் போன பையன்களின் கையில் சொந்தக் காசு இருந்தது. அப்பாவோடு போவது கௌரவக் குறைச்சல் ஆயிற்று. கூட்டாளிகளோடு சேர்ந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரணி ரசிகர்களை ஏசிப் பாடுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. பாட்டு கல்லெறிதலாகி, கல்லெறிதல் கைகலப்பாகி, 1970களில் மைதானங்களைச் சுற்றி இரும்பு வேலி போட வேண்டியதாயிற்று. குடும்பத்தோடு வந்தவர்கள் வீட்டிலேயே நின்றுகொண்டார்கள். "பசங்க இருக்காங்க" என்று சொல்ல வேண்டியவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள்.

இந்த நிலையில் வழி காட்டியது ஒரு சின்ன கிளப். லண்டனுக்கு வடக்கே உள்ள வாட்ஃபோர்டு. பாப் பாடகர் எல்டன் ஜான் 1976இல் அதன் தலைவரானார். அடுத்த ஆண்டு கிரஹாம் டெய்லர் என்பவரை மேனேஜராகக் கொண்டுவந்தார். நான்காம் டிவிஷனில் கிடந்த அணி 1982இல் முதல் டிவிஷனுக்கு ஏறி, 1983இல் இரண்டாம் இடம் பிடித்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் மைதானத்தில் குடும்பங்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியதுதான். பையன்கள் பட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே குழந்தையும் பெரியவரும் சேர்ந்து உட்கார வேண்டும். வீரர்கள் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய் ஊர்க்காரர்களோடு பழக வேண்டும் என்பதிலும் டெய்லர் கண்டிப்பாக இருந்தார். எதிரணிக் கூட்டங்கள் எல்டன் ஜானைக் கேவலப்படுத்திப் பாடிய பாட்டுகளை இங்கே எழுத முடியாது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் கிளப்தான் பிள்ளைகளுக்கு இடம் போட்டுக் கொடுத்தது. பிறகு மற்ற கிளப்புகளும் அதே வழியில் வந்தன.

ஆனால் அதற்குள் நடக்கக் கூடாதவை நடந்தன. 1985 மே 11, பர்மிங்ஹாமில் ரசிகர்கள் கலவரம் செய்த நாளில் சுவர் இடிந்து 15 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அவன் வாழ்க்கையில் நேரில் பார்க்கப் போன முதல் ஆட்டம் அது. அதே மாதம் 29ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் ஹைசல் அரங்கத்தில் 39 பேர் மாண்டார்கள். அதில் அப்பாவோடு வந்த இத்தாலியச் சிறுவனும் ஒருவன். 1989 ஏப்ரல் 15இல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் சிக்கியவர்களில் மொத்தம் 97 பேர் இறந்தார்கள். மிகச் சிறியவனுக்கு வயது பத்து. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹில்ஸ்பரோவுக்கு ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்று 2016இல் விசாரணை ஜூரி தெளிவாகச் சொல்லிவிட்டது. 27 ஆண்டுகள் பெற்றோர்கள் போராடி வாங்கிய தீர்ப்பு அது. கூட்டம் என்றாலே ரவுடிகள் என்று நினைத்து வேலி போட்டு அடைத்ததுதான் அன்று உயிருக்கு உலை வைத்தது.

அந்த விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லர் (மேனேஜர் டெய்லர் வேறு, இவர் வேறு) 1990 ஜனவரியில் கொடுத்த இறுதி அறிக்கையில்தான் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. ஆபாசமாகவும் இனத்தைப் பழித்தும் கோஷம் போடுவதைக் குற்றமாக்கச் சொன்னதும் அவர்தான். அதன்படி 1991இல் சட்டம் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. ஒருவருக்கு மேல் சேர்ந்து திரும்பத் திரும்பக் கத்தினால்தான் குற்றம். ஒற்றை ஆள் எழுந்து நின்று எவ்வளவு கத்தினாலும் இந்தச் சட்டத்தில் மாட்ட மாட்டார்! 1999இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். சட்டம் வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வர்ணனையாளர் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, கூட்டத்தில் குழந்தைகளையே நிரப்பிவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். 2011இல் துருக்கியின் ஃபெனர்பாச்சே கிளப்பின் ரசிகர்கள் மைதானத்தில் இறங்கிக் கலாட்டா செய்ததற்காக, ஆளில்லாத அரங்கத்தில் ஆட வேண்டும் என்று தண்டனை. பிறகு பெண்களும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் மட்டும் இலவசமாக வரலாம் என்று மாற்றினார்கள். செப்டம்பர் 20 அன்று 41,000 பேருக்கு மேல் வந்தார்கள். எதிரணிக்கும் கைதட்டல். வீரர்கள் கூட்டத்தை நோக்கிப் பூக்களை வீசினார்கள். உலகமே மெச்சியது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பர் 30, பிராக் நகரம். அதே மாதிரி ஒரு தண்டனை. ஸ்பார்ட்டா கிளப்பின் ரசிகர்கள் ஒரு கறுப்பின வீரரைப் பழித்ததால் அரங்கம் மூடல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி. சுமார் 10,000 பிள்ளைகள் வந்தார்கள். எதிரணியான ரேஞ்சர்ஸில் கிளென் கமாரா என்ற கறுப்பின வீரர். சில மாதங்களுக்கு முன்தான் அவரை அதே நகரத்து இன்னொரு கிளப் வீரர் பழித்துப் பேசி, பத்து ஆட்டங்களுக்குத் தடை வாங்கியிருந்தார். அன்று கமாரா பந்தைத் தொட்ட போதெல்லாம் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். இனவெறி இல்லை, குழந்தைகளைக் குறை சொல்லாதீர்கள் என்று கிளப் வாதாடியது. அது வெறும் விளையாட்டுக் கூச்சலாகவே இருக்கட்டும். அந்த ஒரு ஆளைப் பார்த்துத்தான் கத்த வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதானே?

பெரிய அரங்கத்தை விடுங்கள். பிள்ளைகளே ஆடும் ஆட்டத்தில் யார் கத்துகிறார்கள்? பெற்றோர்தான். 1999இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சிறுமியர் லீக், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெற்றோர் வாயே திறக்கக் கூடாது என்று அறிவித்தது. 2008இல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 'மரியாதை' என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கி, சிறுவர் ஆட்டங்களில் கோட்டுக்குப் பின்னால் கயிறு கட்டிப் பெற்றோரை அதற்கு அப்பால் நிறுத்தியது. வசவு தாங்காமல் ரெஃப்ரிகள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டுப் போனதும் அதற்கு ஒரு காரணம். ஒரு காலத்தில் பிள்ளைகளை அடைத்தார்கள். இப்போது அப்பாக்களை அடைக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஏன் என்றால், அந்தக் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டியவன் நான்.

1990ஆம் வருஷம் என்று ஞாபகம். மகனுக்கு 12 வயது. பள்ளி அணியில் பேக் ஆடினான். ஒரு பள்ளிகளுக்கிடையேயான ஆட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். கடைசி நேரத்தில் அவன் மேல் ஃபவுல் சொல்லி ரெஃப்ரி எதிரணிக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார். ரெஃப்ரி சின்ன வயது பி.டி. மாஸ்டர். நான் கோட்டைத் தாண்டிப் போய் அவரைக் கேட்ட கேள்வியில், அவருடைய அம்மாவை இழுத்துவிட்டேன். வீட்டில் நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. என் மகன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து காலுறையைச் சரிசெய்ய ஆரம்பித்தான். பெனால்டி அடிக்கும்வரை அவன் நிமிரவே இல்லை. "சின்னப் பசங்க இருக்காங்க" என்று அன்று என்னிடம் சொல்ல ஆள் இல்லை.

ஸ்கூட்டரில் வரும்போது அவன் பேசவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாள், "நீங்க எதுக்குப்பா லீவை வேஸ்ட் பண்றீங்க, வரவேணாம்" என்றான். லீவைப் பற்றிய அக்கறை என்று நானும் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை.

போன மாதம் அவன் சிரித்தது அதை நினைத்துத்தான். பேரன் தூங்கப் போன பிறகு நானே பேச்சை எடுத்தேன். 30 வருஷத்துக்கு மேல் ஆன கதை. "அந்த சார்கிட்ட மறுநாள் நான் போய் ஸாரி கேட்டேன்ப்பா" என்றான். எனக்கு இது இதுவரை தெரியாது.

இப்போது பேரன் ஞாயிறு காலை பயிற்சிக்குப் போகிறான். நான்தான் அழைத்துப் போகிறேன். அங்கே கயிறு எதுவும் கிடையாது. கோட்டிலிருந்து நாலு கஜம் தள்ளி ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதன் அடியில் உட்கார்ந்துகொள்கிறேன். போன வாரம் ஓர் இளம் தகப்பனார் பயிற்சியாளரிடம் குரலை உயர்த்தி ஏக வசனத்தில் இறங்கினார். எழுந்து போய் அவர் தோளைத் தொட்டு, "தம்பி, சின்னப் பசங்க இருக்காங்க" என்றேன். முறைத்தார். ஆனால் நிறுத்திவிட்டார்.

உங்களில் யாராவது பேரப்பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போகிறவர்களாக இருந்தால், பென்சன்காரர்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை என்றுதான் சொல்வேன்.