பிசினில் பதித்தல் (எலக்ட்ரான் நுண்ணோக்கியியல்)

உயிர்த்திசுவை மிக மெல்லிய சீவல்களாக அரிவதற்கு ஏற்ற கெட்டிக் கட்டியாக மாற்றும் முறை. நிலைப்படுத்திய திசுவின் நீரை எத்தனால் அல்லது அசிட்டோனால் நீக்கி, அந்த இடத்தில் நீர்மப் பிசினை ஊறவிடுவர். எப்பாக்சிப் பிசின் பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸில் இரண்டு நாளில் இறுகும்.

தோற்றம்

ஒளி நுண்ணோக்கிக்குப் போதுமான மெழுகுக் கட்டி, எலக்ட்ரான் கற்றை ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவ இடம் தரவில்லை. 1949இல் மெத்தாக்ரிலேட் பிசினும் 1950இல் கண்ணாடிக் கத்தியும் வழி திறந்தன. ஆனால் மெத்தாக்ரிலேட் இறுகும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கித் திசுவைச் சிதைத்தது. 1956 முதல் அரால்டைட்டும், 1961இல் ஜான் லுஃப்ட் செம்மைப்படுத்திய எப்பானும் இக்குறையை வெகுவாகக் குறைத்தன. 1963இல் குளுட்டரால்டிஹைடு நிலைப்படுத்தியாகவும், காரீய சிட்ரேட் சீவல்களுக்கான சாயமாகவும் வந்தன.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மின்னி மாத்தன், வி. ஐ. மாத்தன், எஸ். ஜே. பேக்கர் ஆகியோர் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயாளிகளின் சிறுகுடல் உட்சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1975இல் வெளியிட்டனர். குடல் உணவுச்சத்தை உறிஞ்சத் தவறும் அந்நோயில் செல்லுக்குள் நேரும் மாற்றங்களை அவ்வாய்வு பதிவு செய்தது.

முப்பரிமாணப் படங்கள்

சிட்னி பிரென்னர் குழு, தொடர் சீவல்களை வரிசைப்படுத்தி, 302 நரம்பணுக்கள் கொண்ட உருளைப்புழுவின் நரம்பு இணைப்புகளை 1986இல் வெளியிட்டது. 2004இல் வின்ஃபிரைட் டெங்க், ஹைன்ஸ் ஹோர்ஸ்ட்மன் இருவரும் சீவும் கத்தியை நுண்ணோக்கிக்குள்ளேயே பொருத்தினர். அங்கே சீவல் கழிவாகிறது. படமெடுக்கப்படுவது கட்டியின் முகப்பு.

இதனால் சாயமேற்றும் வரிசையே மாறியது. அரிந்தபின் சாயமிட வழியில்லை என்பதால், ஆஸ்மியம், யுரேனியம், காரீயம் மூன்றையும் பதிப்பதற்கு முன்பே திசுவில் ஏற்ற வேண்டியதாயிற்று. மின்கடத்தாப் பிசினில் மின்னூட்டம் தேங்கிப் படம் குலைவதையும் இவ்வுலோகங்கள் குறைக்கின்றன. இரண்டு ஆஸ்மியக் குளியல்களுக்கு இடையே தயோகார்போஹைட்ரசைடு சேர்த்து உலோகச் செறிவைக் கூட்டும் 1966ஆம் ஆண்டு முறை, 2010இல் தாமஸ் டீரிங்க் குழுவின் செய்முறையால் மறுவாழ்வு பெற்றது. ஆஸ்மியம் பெரிய துண்டுகளின் நடுவரை எட்டாத சிக்கலுக்கு 2015இல் யுன்ஃபெங் ஹுவா குழு தீர்வு கண்டது.

2024இல் ஹார்வர்டு, கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட மனித மூளைத் துணுக்கின் அளவு சுமார் 1 கன மில்லிமீட்டர், சீவல்கள் 5,000க்கு மேல், தரவு 1.4 பெட்டாபைட். இத்தகைய பணி மாதக்கணக்கில் நீளும். ஆகவே கத்தி படுமுன் கட்டியை எக்ஸ் கதிர் நுண்டோமோகிராபியில் பார்த்து, நடுவரை உலோகம் ஏறியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு.