பூங்காவுக்கு அடியில் ஓர் ஊர்

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் சென்ட்ரல் பார்க் இருக்கிறது. உலகமே படம் பிடிக்கும் அந்தப் பூங்காவின் மேற்கு ஓரத்தில், 82ஆவது தெருவுக்கும் 89ஆவது தெருவுக்கும் இடையில், ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் ஊர் ஒன்று இருந்தது. அதன் பெயர் செனெக்கா வில்லேஜ். அம்பேத்கர் அங்கே படித்த நாட்களில் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயது கறுப்பின இளைஞர் அங்கே மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். அவர் செருப்புக்குப் பாலிஷ் போடும் தொழிலாளி. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்தது 1827இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். 1821ஆம் ஆண்டு மாநில அரசமைப்பு, 250 டாலர் சொத்து இருந்தால்தான் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை என்றது. வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆக, அந்த மக்களுக்கு மனை என்பது வெறும் குடியிருப்பு அல்ல, வாக்குரிமைக்கான படிக்கட்டு.

1855இல் அங்கே சுமார் 225 பேர் வாழ்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர், மற்றவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் ஏழைகள். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், இடுகாடுகள் என முழுமையான ஊராக அது இருந்தது.

பிறகு நகரத்துக்குப் பூங்கா தேவைப்பட்டது. பத்திரிகைகள் அந்த மக்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதின. பலரிடம் கிரையப் பத்திரம் இருந்தது. ஆனாலும் 1857க்குள் ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. 3,500 டாலர் கேட்ட ஆண்ட்ரூ வில்லியம்ஸுக்குக் கிடைத்தது 2,335 டாலர். நில உரிமை இல்லாதவர்களுக்கு நிலத்துக்கென எதுவும் கிடைக்கவில்லை.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு மறதி. 2001இல்தான் ஒரு தகவல் பலகை வந்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 2011இல் பேராசிரியர்களும் மாணவர்களும் அங்கே அகழாய்வு செய்தார்கள். ஒரு வீட்டின் அடித்தளம், இரும்புத் தேநீர்க் கெண்டி, பீங்கான் துண்டுகள், ஒரு சிறிய காலணி ஆகியவை கிடைத்தன. "குடிசைவாசிகள்" என்று இகழப்பட்டவர்கள் சீனப் பீங்கானில் உணவு பரிமாறிய குடும்பங்கள் என்று மண் சாட்சி சொன்னது.

இன்று அதே நகரத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மாநகராட்சி எடுக்கும் திட்டங்களில் தொல்லியல் பாதிப்பையும் ஆராய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தச் செலவு திட்டச் செலவிலேயே அடங்கும். வாஷிங்டன் சதுக்கப் பூங்கா 1797 முதல் 1825 வரை ஏழைகளின் இடுகாடாக இருந்த இடம். அதைச் சீரமைத்தபோது 2009இல் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. 1799இல் 28 வயதில் இறந்த ஓர் ஐரிஷ்காரரின் பெயர் அதில் இருந்தது. சீரமைப்புப் பணிகளில் கிடைத்த மனித எச்சங்கள் 2021இல் அதே பூங்காவில் மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

பூங்காவுக்கான பணத்தில் ஆய்வுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது வீண் செலவு என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. செனெக்கா வில்லேஜ் அவர்களுக்குப் பதில் சொல்கிறது. முன்கூட்டி ஆராயாத நகரம், 150 ஆண்டுகள் கழித்துத் தன் புல்வெளியையே தோண்ட வேண்டி வந்தது. அதற்குள் அங்கே வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தேடும் நிலை வந்துவிட்டது.

நம் நகராட்சியிலும் பூங்காத் திட்டம் வரும். "அது காலி இடம்தான்" என்று அதிகாரி சொல்வார். அப்போது தோழர்களே, இரண்டு கேள்விகள் கேளுங்கள். காலி என்று முடிவு செய்தது யார்? மண்ணுக்குள் பார்க்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?