மிஸ்கிட்டோக் கரையில் நற்செய்தியும் பண்பாடும்

நடு அமெரிக்காவில் நிக்கராகுவா நாட்டின் கீழ்க்கரை மிஸ்கிட்டோக் கரை எனப்படும். 17ஆம் நூற்றாண்டில் அடிமைத்தளைக்குத் தப்பி இங்குக் கரையேறிய ஆப்பிரிக்கரைக் கரையோரப் பழங்குடியினர் தம்முள் ஏற்று மணவுறவு கொண்டனர். இவ்வாறு ஆப்பிரிக்க இரத்தமும் கலந்த மிஸ்கிட்டோ இனம் பழங்குடி மொழியையே பேசி வளர்ந்தது. ஆங்கிலேயர் கொணர்ந்த ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியாரோ கிரியோலர் எனப்பட்டனர். அடிமைத்தனம் இக்கரையில் 1841இல் ஒழிந்தது.

1849இல் மொராவிய மிஷனரிகள் புளூஃபீல்ட்ஸ் நகரில் வந்திறங்கினர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து ‘சகோதரர் தோட்டம்’ அமைத்த அதே சபையினரே இவர்கள். இம்மக்களிடையே சுக்கியா எனப்படும் வைத்தியர் பாட்டாலும் புகையிலைப் புகையாலும் ஆவிகளை அழைத்து நோய் தீர்த்து வந்தனர். மரித்தோருக்காக விழா எடுத்து, மரவள்ளியில் வடித்த மதுவை அருந்தி ஆடும் வழக்கமும் இருந்தது. மிஷனரிகள் இவற்றைப் பேயின் செயலென விலக்கினர். குடிவெறியைக் கண்டித்தது தகும். ஆயினும் அம்மக்கள் துக்கத்தைப் பகிர்ந்து கொண்ட முறையும், அவர்தம் மூலிகை அறிவும் அதனோடு சேர்த்தே தள்ளப்பட்டன.

1881இல் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. கிரியோலரும் மிஸ்கிட்டோ மக்களும் கனவும் தரிசனமும் கண்டனர். நடுங்கி அழுது பாவங்களை அறிக்கையிட்டனர். பத்தாண்டுகளில் சபையோர் தொகை ஏறத்தாழ மும்மடங்காயிற்று. அமைதியான ஆராதனைக்குப் பழகிய மிஷனரிகள் சிலர் இதனைக் கண்டு திகைத்தனர். தூய ஆவியானவர் அம்மக்களைத் தொட்டபோது, அவர்களுக்குப் பழக்கமான உடலசைவும் கனவுமே அதற்கு மறுமொழி கூறின என்று நாம் கருதுகிறோம். வெளிவாசலில் தடுக்கப்பட்ட மரபு ஆலயத்தின் உள்ளேயே மீண்டும் தோன்றிற்று.

எனினும் மிஷனரிகளின் பணியில் மற்றொரு பக்கமும் உண்டு. அவர்கள் மிஸ்கிட்டோ மொழிக்கு எழுத்து வடிவம் அளித்தனர். 1905இல் அம்மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1894இல் நிக்கராகுவா அரசு இக்கரையைத் தன்னோடு இணைத்து ஸ்பானிய மொழியைப் புகுத்தியது. அப்போதும் ஆலயத்தில் தாய்மொழி ஒலித்தது. 1982இல் கோக்கோ ஆற்றங்கரைச் சிற்றூர்களினின்று மக்கள் வலிந்து அகற்றப்பட்டபோது ஆலயங்களும் அழிந்தன. பின்னர் மொராவியச் சபைத் தலைவர்கள் சமரசத்திற்கு உழைத்தனர். 1987ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம் இம்மக்களின் மொழிகளையும் பண்பாட்டையும் உரிமையாக ஏற்றது.

ஆகவே ஒரே சபை ஒரு கையால் பண்பாட்டை ஒடுக்கிற்று. மறு கையால் காத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறுவது வரலாறாகாது. மொழியைக் காத்தமை பெருந்தொண்டு. ஆனால் மொழியை ஏற்று, அம்மொழி பேசும் மக்களின் பறையொலியையும் புலம்பலையும் ஆராயாமலே புறக்கணிப்பது நற்செய்திக்கு அடுத்ததன்று. ஐரோப்பிய வசந்தக் கம்பத்தை ஆப்பிரிக்கத் தாளத்தோடு சுற்றியாடும் மே மாத விழா புளூஃபீல்ட்ஸில் இன்றும் நடைபெறுகிறது. வந்தவர் கொணர்ந்ததைத் தமதாக்கிக்கொள்ளும் ஆற்றல் அம்மக்களுக்கு எப்போதும் இருந்தது. அதனை நம்பியிருத்தலே மிஷன் பணியின் கடமையாயிருந்தது. எந்நாட்டில் ஊழியம் செய்வோருக்கும் அக்கடமை இன்றும் உண்டு.