வீட்டுக்குள் விஸ்கி, வீதியில் விலங்கு!

காவிரி பாயும் தஞ்சைத் தரணியிலே சுருட்டையும் மதுவையும் சேர்த்து வைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று ஊர் எல்லை. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் படையல் போடும் நாளில், இலையிலே சோறும் கறியும், பக்கத்திலே சாராயம், அதனருகே சுருட்டு! மற்றொன்று மிராசுதாரர் மாளிகையின் மேல்மாடி. அங்கே சாய்வு நாற்காலி, சீமை விஸ்கி, சோடா, விரலிடுக்கிலே திருச்சிச் சுருட்டு! எல்லைச் சாமியின் முன் வைத்தால் காட்டுமிராண்டித்தனம் என்று முகம் சுளித்த மேட்டுக்குடி, மாடியிலே வைத்ததற்கு நாகரிகம் என்று பெயர் சூட்டியது. பொருள் மாறவில்லை. இடம் மாறியது, அதனால் மதிப்பும் மாறியது. பிறகு சட்டமும் அந்த மதிப்பையே பின்பற்றி நடந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

சுருட்டு என்பது நம் சொல். ஆங்கிலேயர் வழங்கும் 'செரூட்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே. ஆனால் சொல் நம்முடையது என்பதற்காகப் பொருளும் பழந்தமிழர் கண்டது என்று மார்தட்ட வேண்டாம். புகையிலை அமெரிக்கச் செடி. போர்ச்சுகீசியர் கப்பலிலே வந்து இறங்கியது. திண்டுக்கல் மண்ணிலே அது செழித்தது. அந்த இலையைச் சோழர் தலைநகராயிருந்த உறையூரிலே ஏழைக் கைகள் சுருட்டின. சுருட்டிய சுருட்டு இலண்டன் வரை சென்றது. 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதற்கதையிலேயே, சிந்திக் கிடந்த சாம்பலைக் கண்டு கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிகிறார் அந்தக் கற்பனை நிபுணர். சாம்பலைப் பார்த்தே ஊரைச் சொல்லும் அளவுக்குப் புகழ்! சுருட்டிய கைக்கு என்ன கிடைத்தது என்று துப்பறிய எவரும் வரவில்லை.

சர்ச்சில் பிடித்தது எங்கள் ஊர்ச் சுருட்டு என்று இன்றும் பெருமை பேசுவோர் உண்டு. அவர் பெரிதும் விரும்பியது கியூபா நாட்டுச் சுருட்டு. அப்படியே நம்முடையதைப் பிடித்திருந்தாலும் என்ன? நம்மை அடக்கி ஆள நினைத்தவன் வாயிலே புகைந்தது என்பதா ஒரு பொருளுக்குப் பெருமை!

விஸ்கியின் வருகை வேறு வகை. தொடக்கத்திலே வெள்ளை அதிகாரி விரும்பிக் குடித்தது பிராந்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை ஒரு சிறு பூச்சி அரித்துத் தின்றது. பிராந்தி அருகியது, அந்த இடத்திலே ஸ்காட்லாந்தின் விஸ்கி வந்து அமர்ந்தது. பிரான்சிலே பூச்சி அரித்தால் தஞ்சையிலே கோப்பை மாறுகிறது. பேரரசு என்பதன் பொருள் அதுதான்! 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கலெக்டர் வீட்டு மேசையில் கண்டதை மிராசுதாரர் தம் வீட்டு மேசையிலும் வைத்தார். வைதிக வீடுகளில் அது கூடத்துக்கு வராமல் மாடியோடு நின்றது. அவ்வளவே வேறுபாடு.

வயலிலே நின்ற பண்ணையாளுக்குக் கள். 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டத்தின்கீழ் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று அவன் களைப்பையும் காசாக்கிக்கொண்டது சர்க்கார். பிறகு வந்தது மதுவிலக்கு. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்திலே ஆச்சாரியார் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் மாநிலம் முழுவதும் பரவியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இலேயே விற்பனை வரி வந்துவிட்டது. குடிப்பவன், குடிக்காதவன் இருவரும் கடைத்தெருவிலே அதைச் செலுத்தினர்.

சட்டம் எல்லோருக்கும் பொதுவா? வெளிநாட்டு மதுவுக்கு உரிமச்சீட்டு என்றொரு வாசல் திறந்திருந்தது. வெள்ளையருக்குச் சீட்டு, உடல்நலத்துக்குத் தேவை என்று மருத்துவர் சான்று வாங்க முடிந்தவருக்கும் சீட்டு. சீட்டு பெற்றவர் தம் வீட்டிலே, தம் நாற்காலியிலே, தம் சுருட்டோடு அருந்தலாம். காவலர் கதவைத் தட்டமாட்டார். கள்ளுக்குச் சீட்டு உண்டா? பனையேறியின் உடல் மட்டும் நலம் கேட்காத உடலா? மரத்தடியிலே கலயத்தோடு பிடிபட்டவன் கையில் விலங்கு!

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிலே குடிக்கும் சலுகை வேண்டுமானால் முதலில் வீடு வேண்டும். தஞ்சைப் பண்ணையாளுக்கு வீடு ஏது? அவன் குடிசை நின்ற மண் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். அதற்கும் அடங்காவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்ற கட்டளை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து கருகினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியை உயர்த்திக் கேட்ட கூட்டத்துக்கு 'வீடு' தந்த பாதுகாப்பு அது.

நடுவே காரைக்கால் ஒரு வேடிக்கை. தஞ்சை மாவட்டம் சூழ்ந்த பிரெஞ்சு மண். அங்கே மதுவிலக்கு இல்லை. 1954இல் பிரெஞ்சுக்கொடி இறங்கிய பிறகும் சென்னை மாநிலச் சட்டம் அந்த எல்லையைத் தாண்டவில்லை. வரப்புக்கு இந்தப்புறம் குற்றம், அந்தப்புறம் வணிகம்! ஒழுக்கம் எல்லைக்கல்லைப் பார்த்து மாறுமா என்று மதுவிலக்குப் பிரசாரகர்கள் விடை சொன்னதில்லை.

பெரியாரின் நிலையை இங்கே நினைவூட்டுவது தகும். 1921 கள்ளுக்கடை மறியலின்போது தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் அவர். இழப்புக்கு அஞ்சியவரல்லர். அவரே பின்னாளில் சட்டத்தால் திணிக்கும் மதுவிலக்கைக் கண்டித்தார். குடியை அவர் போற்றவில்லை. ஒருவன் வாயைப் பூட்டி, இன்னொருவனுக்குச் சாவி கொடுக்கும் முறையைத்தான் ஏற்கவில்லை.

1971இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு நிகழ்ந்தன. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவனுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 30இல் மதுவிலக்கும் தளர்ந்தது. வீடும் கடையும் ஒரே ஆண்டிலே! முன்னதைப் பாராட்டும் நாம் பின்னதையும் அதே மூச்சில் பாராட்ட வேண்டுமென்பதில்லை. 1974க்குள் கடைகள் மூடப்பட்டன, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தன. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை விழுந்தது. அந்தத் தடை இன்றும் நீங்கவில்லை. 2003 முதல் புட்டி விற்பதும் அரசே. அந்தப் புட்டியில் விஸ்கி என்ற பெயரோடு இருப்பது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். சாயமும் மணமும் ஏறியதும் அது துரைமார் பானமாகிவிடுகிறது. பனை தரும் கள் மட்டும் குற்றவாளிக் கூண்டில்!

மாடிக்கும் மரத்தடிக்கும் வேறுபாடு காட்டாத நீதி ஒன்று உண்டு. அது உடலின் நீதி. புகையிலையும் மதுவும் தனித்தனியே புற்றுநோய்க்குக் காரணம். இரண்டும் சேர்ந்தால், வாயிலும் உணவுக்குழலிலும் வரும் கேடு வெறும் கூட்டல் கணக்காக நிற்பதில்லை, பெருக்கலாகிறது. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பார் சிலர். வாய் உள்ளே இல்லையா? 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. ஆகவே புகை இப்போது வீட்டுக்குள் நுழைகிறது. மாளிகையிலே அதற்கென்று தனி அறை, தனி மாடி. குடியிருப்பு மனையிலே ஒரே அறை. அந்த அறையிலேதான் அடுப்பு, அந்த அறையிலேதான் தொட்டில்.