தூது ஆர்.என்.ஏ.யின் அழிவும் தலசீமியாவும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் காத்தான்குடி அமைந்துள்ளது. இவ்வூரை உள்ளடக்கிய கிழக்கிலங்கைக் கரையோரத்தில், முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஒரே குடியினர் தம்முள் மணம் செய்தல் தகாது என்பது இம்முறையின் அடிப்படை விதி. ஆயின் மாமன் மக்களையும் மாமி மக்களையும் மணப்பதற்கு மரபு இடந்தருகின்றது. குடி தாய்வழியே செல்வது. பரம்பரையலகோ தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருவது. எனவே குடிவிதி காட்டும் உறவெல்லையும் குருதியின் உறவெல்லையும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிச்சோகையை ஆராயுமிடத்து முக்கியத்துவம் பெறுகின்றது.

இந்நோயுள்ள பிள்ளையின் பெற்றோர் இருவரும் பொதுவாக நலமுடையோராகவே காணப்படுவர். குறைபாடுடைய பரம்பரையலகைத் தாங்கியும் அவர்கள் எவ்வாறு நலமாயிருக்கின்றனர்? கலம் தன் தூது ஆர்.என்.ஏ.யை அழிக்கும் முறை பற்றிய ஆராய்ச்சி இவ்வினாவிற்குத் தெளிவான விடை தந்துள்ளது. அவ்விடை உருவான வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலையாமையே இயல்பு

பரம்பரையலகின் கட்டளையைப் புரதம் ஆக்கப்படும் இறைபோசோமுக்கு எடுத்துச்செல்வது யாது என்ற வினாவிற்கு 1961இல் விடை கிடைத்தது. பிரென்னர், ஜாக்கொப், மெசெல்சன் ஆகியோரும், வேறாக ஆய்ந்த குரோ, வாட்சன் முதலியோரும் குறுகிய ஆயுளுடைய ஓர் ஆர்.என்.ஏ.யே அச்செய்தியைக் கொண்டுசெல்கின்றது என நிறுவினர். பற்றீரியாவில் அதன் ஆயுள் சில நிமிடங்களே. பழைய செய்தி விரைந்து அழிவதனாலேயே சூழல் மாறும்போது கலம் புதிய புரதத்திற்கு மாற முடிகின்றது. எவ்வளவு செய்தி எழுதப்படுகின்றது என்பது மட்டுமன்றி, எழுதப்பட்டது எவ்வளவு காலம் நிலைக்கின்றது என்பதும் புரதத்தின் அளவைத் தீர்மானிக்கின்றது.

உயர் உயிர்களின் கலங்களில் செய்தியின் ஒரு முனையை மூடியும் மறுமுனையை அடினின் வாலும் காக்கின்றன. வால் படிப்படியாகக் குறுக, மூடி அகற்றப்பட, நொதியங்கள் செய்தியைச் சிதைக்கின்றன. குளோபின் செய்தியோ பெரிதும் நிலைத்தது. முதிரும் செங்கலம் தன் கருவை இழந்தபின் புதுச்செய்தி எழுத முடியாது. முன்னர் எழுதப்பட்டவற்றைக் கொண்டே அது ஈமோகுளோபினை ஆக்குகின்றது. இத்தகைய நீடித்த செய்தியே சில நோயாளரிடம் காணாமற்போனமை ஆய்வாளரைச் சிந்திக்கவைத்தது.

பிழையான செய்தியின் முடிவு

1979இல் சாங், கான் ஆகியோர் பீற்றா தலசீமியா நோயாளர் ஒருவரின் குளோபின் செய்தியில், உரிய இடத்திற்கு முன்னரே ‘நிறுத்துக’ எனக் கட்டளையிடும் குறியீட்டைக் கண்டனர். அதே ஆண்டில் லொசன், லக்குரூட் என்போர், இத்தகைய முற்பட்ட நிறுத்தக்குறி மதுவத்தில் செய்தியின் ஆயுளையே குறைக்கின்றது எனக் காட்டினர். 1981இல் மக்குவாற்றும் அவருடன் பணியாற்றியோரும் தலசீமியா நோயாளரின் என்பு மச்சைக் கலங்களை ஆராய்ந்து, பீற்றா குளோபின் செய்தி எழுதப்பட்டும் நிலைக்காமல் அழிகின்றது என நிறுவினர்.

கலம் பிழையை அறிவது எவ்வாறு? செய்தியிலிருந்து இன்ட்ரோன் எனப்படும் இடைப்பகுதிகள் வெட்டப்பட்டு எஞ்சியவை இணைக்கப்படும்போது, ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் ஒரு புரதத் தொகுதி அடையாளமாக விடப்படுகின்றது. முதன்முதல் வாசித்துச் செல்லும் இறைபோசோம் அவற்றை அகற்றிச் செல்லும். இறைபோசோம் இடையிலேயே நின்றுவிடின், அதற்கு அப்பாலுள்ள அடையாளம் எஞ்சும். அது பிழையின் சான்றாகக் கொள்ளப்பட்டுச் செய்தி அழிக்கப்படும்.

இவ்வழிப்பின் பயனை விளக்கியது ஒரு விதிவிலக்கு எனலாம். பீற்றா குளோபின் செய்தியின் இறுதிப் பகுதியில் நிறுத்தக்குறி தோன்றின், அதற்கு அப்பால் இணைப்பு இல்லை, செய்தி அழிவதுமில்லை. அதிலிருந்து ஆக்கப்படும் குறைப்புரதம் கலத்திற்குச் சுமையாகின்றது. இத்தகைய விகாரங்கள் சிலவற்றில், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்றவரும் நோயுறுவதைத் தெயினும் பிறரும் 1990இல் எடுத்துக்காட்டினர். ஆகவே மற்றைய காவிகள் நலமாயிருப்பதற்குக் கலத்தின் அழிப்புச்செயலும் ஒரு காரணமாகும். பிழையான செய்தி ஒழிய, மற்றைய பரம்பரையலகின் நற்செய்தி பணியைத் தொடர்கின்றது. இரண்டும் பிழையான பிள்ளையிடமோ காக்கப்படுவதற்கு நற்செய்தி இல்லை. துணையற்ற அல்பா சங்கிலிகள் திரண்டு செங்கலங்களை அழிக்கின்றன. பிள்ளை ஆயுள்முழுவதும் பிறர் குருதியை நாடி வாழ்கின்றது.

இலங்கை நிலை

இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் பீற்றா தலசீமியா விகாரங்கள் இரண்டும் முதல் இன்ட்ரோனின் தொடக்கத்தில் அமைந்தவை. அவை செய்தி வெட்டி இணைக்கப்படும் முறையைக் குலைக்கின்றன. தவறாக இணைந்தவற்றுட் பல மேற்கூறிய வழியிலேயே அழிகின்றன. இவை மக்களிடையே நிலைத்தமைக்கு மலேரியா காரணம் என்பர். காவிகளுக்கு அந்நோயிடமிருந்து ஓரளவு பாதுகாப்புண்டு என்னும் கருத்தை 1949இல் ஹோல்டேன் முன்வைத்தார். 1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்த இலங்கை, 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. மலேரியா நீங்கிற்று, அது விட்டுச்சென்ற விகாரம் நீங்கவில்லை. சிகிச்சை வேண்டுவோர் எக்காலத்தும் 2,000க்கு மேற்பட்டிருப்பர் என்றும், அதற்குச் சுகாதார வரவுசெலவில் 5 வீதத்திற்கு மேல் தேவைப்படும் என்றும் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

இனிக் குடிமுறைக்கு மீள்வோம். காவி ஒருவர் தம் மாமன் மகளை மணப்பின், அவளும் அதே விகாரத்தைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றேனும் ஆகும். இருவரும் காவிகளாயின், ஒவ்வொரு கருவிலும் நோய்க்குரிய வாய்ப்பு நான்கில் ஒன்று. எளிய குருதிச் சோதனையொன்று இதனை மணத்திற்கு முன்னரே அறியத்தரும். இருப்பினும் ‘குருதியிற் குறை’ என்னும் சொல் ஒரு பெண்ணின் திருமணத்தையே தடுத்துவிடும் என அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்போர் உளர். நோயுற்ற பிள்ளையைப் பெற்றபின் பழி தாயின்மீதே விழுவதும் நாம் அறிந்ததே. மேற்காட்டிய வரலாறு இவ்விரண்டிற்கும் மறுப்பாகும். மேற்கூறிய விதிவிலக்கு நீங்கலாக, தந்தை, தாய் இருவரும் சமமாக அளித்தாலன்றி இந்நோய் பொதுவாகத் தோன்றாது. காவியாயிருத்தல் நோயுமன்று, குறையுமன்று. சோதனைக்கு மணமகளை மட்டும் அழைத்துச்செல்லும் குடும்பம் பாதி விடையையே பெறும். மணமகனும் உடன் செல்லவேண்டும்.